அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே

மழையில் ஊறிய கோல்கீப்பர் கையுறைக்கென்று ஒரு வாடை இருக்கிறது. ரப்பரும் வியர்வையும் மிதிபட்ட புல்லும் கலந்து, பையைத் திறந்த மாத்திரத்தில் மூக்கில் ஏறும் அந்த வாடையைப் பதின்மூன்று வயதில் எனக்குப் பழக்கிவிட்டவள் தர்ஷினி அக்கா. சனிக்கிழமைக் காலைகளில் பயிற்சிக்குப் போட்ட பழைய கையுறைகளை உருவி என்னிடம் எறிந்துவிட்டு, ஆட்டத்துக்கென வைத்திருக்கும் நல்ல ஜோடியை மாட்டிக்கொள்வாள். ஆட்டம் முடியும்வரை அந்த ஈரக் கையுறைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோல் வலைக்குப் பின்னால் நின்றிருப்பேன். என் சட்டையெல்லாம் நாறிப்போகும். அம்மா துவைக்கும்போது திட்டுவார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைவிடப் பெருமையான வேலை எனக்கு வேறு இருந்ததில்லை.

நாங்கள் திருச்சியிலிருந்து ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடம் அது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, அந்த விசாவில் அப்பாவும் நானும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தோம். நகரத்தின் தெற்கே ஒடாஹுஹுவில் இரண்டு அறை வாடகை வீடு. இங்கே உயர்நிலைப் பள்ளியைத்தான் "காலேஜ்" என்பார்கள். அதில் நான் முதல் வருட வகுப்பு, தர்ஷினி அக்கா கடைசி வருட வகுப்பு. ஊரில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனால் இங்கே ஒருவர் "பென்" என்று சொன்னால் என் காதில் "பின்" என்று விழுந்தது. நான் ஒன்று சொன்னால் எதிரே நிற்பவர்கள் முகத்தைச் சுருக்கினார்கள். இரண்டு வாரம் வாயே திறக்காமல் பள்ளிக்குப் போய் வந்தேன். ஒரு நாள் பள்ளிக்கு எதிரே இருந்த "டெய்ரி"யில், அதாவது பாலும் ரொட்டியும் மிட்டாயும் விற்கும் மூலைக்கடையில், சில்லறை கீழே விழுந்து நான் தமிழில் ஏதோ முணுமுணுத்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீ தமிழே?"

"ஆமாக்கா."

"ஆமாவோ!" என்று அவள் சிரித்தாள். "நாங்கள் ஓம் எண்டுதான் சொல்லுவம்."

ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நீண்ட விரல்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். ஆங்கிலத்தை இந்த ஊர்ப் பிள்ளைகளைப்போலவும், தமிழை அவளுடைய அப்பாவைப்போலவும் பேசினாள். காலேஜின் பெண்கள் கால்பந்து "ஃபர்ஸ்ட் லெவன்" என்ற முதன்மை அணிக்கு அவள்தான் கீப்பர் என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமையே ஆட்டம் பார்க்கப் போய்விட்டேன். கால்பந்தில் எனக்கு அதுவரை அக்கறையே கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது தமிழில் பேச ஒருத்தி.

எங்கள் அணி எதையும் வென்றதாக யாருக்கும் நினைவில்லை. பச்சை ஜெர்சிகள் முந்தைய அணிகளிடமிருந்து வந்தவை, எண்கள் உரிந்திருந்தன. சமோவா, டோங்கா பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். ஒரு பஞ்சாபிப் பெண், மாவோரி அக்கா தங்கை இருவர், எங்கள் தர்ஷினி அக்கா. சயன்ஸ் பாடம் எடுத்த சமோவா மிஸ்தான் கோச். விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் மைதானத்தின் தலைக்கு மேலேயே போகும். அந்தச் சத்தத்தில் மிஸ் கத்துவது யாருக்கும் கேட்காது. முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம். திரும்பி வரும்போது வேனில் அக்கா என் பக்கம் குனிந்து, "நீ பின்னால நிண்டு பாத்தனீதானே? எனக்கு எங்க ஓட்டை?" என்று கேட்டாள்.

நான் பார்த்ததைச் சொன்னேன். இடப்பக்கம் வருகிறவளைக் கவனிக்கும்போது வலப்பக்கம் பின்னால் பதுங்கி வருகிறவளை அவள் மறந்துவிடுகிறாள் என்றேன்.

"அடுத்த முறை கண்டவுடனே கத்து. தமிழில கத்து. ஒருத்தருக்கும் விளங்காது."

அப்படித்தான் அந்த சீசன் மாறியது. வலைக்குப் பின்னால் நின்று நான் "வலது பக்கம்க்கா, ஏழாம் நம்பர்!" என்பேன், அவள் திரும்பாமலே கையைத் தூக்கித் தடுப்பு ஆட்டக்காரிகளுக்கு ஆங்கிலத்தில் உத்தரவு கொடுப்பாள். எதிரணிப் பெண்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு ஆட்டத்தைச் சமன் செய்தோம். பிறகு ஒன்றில் வென்றோம். பிறகு தொடர்ந்து வென்றோம். பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து "சைட்லைன்"ஓரம் நின்று பாடத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை பள்ளி அசெம்பிளியில் அணியின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் தரையில் காலைத் தட்டினார்கள். வாய் பேசாத புதுப்பிள்ளையாக இருந்த என்னை, "கீப்பரோட பொண்ணு" என்று வராந்தாவில் கூப்பிடத் தொடங்கினார்கள். என் குரலுக்கு இந்த நாட்டில் முதன்முதலாக ஒரு உபயோகம் கிடைத்திருந்தது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்ததற்கு இது சமாதானமாகாது என்றாலும்.

அரையிறுதி ஆட்டம் நகரத்தின் மறுகரையில், பணக்காரப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் நடந்தது. காலையிலிருந்தே மழை சாய்ந்து அடித்தது. இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒரு கோல் முன்னிலை. அவர்களுடைய உயரமான ஃபார்வர்ட் ஒருத்தி தனியாகப் பந்தோடு உள்ளே வந்துவிட்டாள். நான் கத்துவதற்குள் அக்கா அவள் காலடியில் பாய்ந்தாள். அந்தப் பெண்ணின் முழங்கால் அக்காவின் நெற்றிப்பொட்டில் இடித்த சத்தம், மழைச் சத்தத்தையும் மீறி, என் காதில் விழுந்தது. பந்து அக்காவின் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. நடுவர் ஓடிவந்து ஏதோ கேட்டார். அவள் எழுந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். மிஸ் நின்றது நடுக்கோட்டருகே, வெகுதூரம். மழையில் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. அவர் கை தட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அக்கா பந்தை உதைத்துவிட்டு, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் பாதி திரும்பினாள்.

"பவி, நாங்கள் எந்தப் பக்கம் அடிக்கிறம்?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி கேட்டாள், இந்த முறை மிக மெதுவாக: "இண்டைக்கு ஆரோட விளையாடுறம்?"

அந்த மைதானத்தில் இருந்த அத்தனை பேரிலும் அந்தக் கேள்வி புரிந்தவள் நான் ஒருத்திதான். அப்போது நான் ஓடிப்போய் மிஸ்ஸின் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். என் உடைந்த ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கலாம். தலையைத் தொட்டுக் காட்டினாலே போதும். நான் என்ன செய்தேன் என்றால், வலைக்கு ஒட்டி நெருங்கி நின்று, "எதிர்ப்பக்கம்தான்க்கா நாம அடிக்கணும். நீங்க இங்கேயே நில்லுங்க. நான் சொல்றேன்" என்றேன். கடைசிவரை சொன்னேன். இடது, வலது, முன்னால் வாங்க, விடுங்க அது வெளியே போகுது. கண் தெரியாதவரைச் சாலை கடக்க வைப்பதுபோல அவளை அந்த ஆட்டத்தின் முடிவுவரை கூட்டிப்போனேன். நாங்கள் வென்றோம்.

திரும்பும் வழியில் அவள் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தாள். வேனில் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். "கார் சிக்" என்று சொல்லிச் சமாளித்தாள். இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. தலையில அடி எண்டு தெரிஞ்சால் மிஸ் என்னைக் கனநாளைக்கு விளையாட விடமாட்டா. அடுத்த சனி ஃபைனல். விளங்குதே?"

"சரிக்கா."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னடி, ஜெயிச்சுட்டு வந்தவ மாதிரியே இல்லையே? யாருக்கும் அடிகிடி படலையே?"

ஆஸ்பத்திரி வார்டில் தினமும் தலைக்காயம் பார்க்கிறவர் அம்மா. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் அக்கா வீட்டுக்கு நடந்திருப்பார்.

"இல்லம்மா," என்றேன்.

அந்த வாரத்தின் ஒவ்வொரு நாளும் எனக்குத் தனித்தனியாக நினைவிருக்கிறது. திங்கட்கிழமை அக்கா நூலகத்தின் மூலையில், வெளிச்சம் படாமல் தலைக்குமேல் ஹூடியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமை என்னை "சுபா" என்று கூப்பிட்டாள். சுபா கனடாவில் இருக்கும் அவளுடைய சின்னம்மாவின் மகள். "நான் பவிக்கா" என்றேன். "ஓம், தெரியும்தானே" என்று சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானதாக இல்லை. வியாழக்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்து, தலைவலி போய்விட்டது என்றாள். அதை நம்புவதற்கு நான் எவ்வளவு தயாராக இருந்தேன்!

வாக்குக் கொடுத்ததால்தான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதி உண்மை இது: எனக்கு அந்த ஃபைனல் வேண்டியிருந்தது. அவள் இல்லாவிட்டால் தோற்போம் என்று எனக்குத் தெரியும். தோற்றுவிட்டால் நான் மறுபடி வாய் பேசாத புதுப்பிள்ளை ஆகிவிடுவேன்.

இறுதி ஆட்டத்தன்று வெயில் அடித்தது. இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் அப்படி ஒரு நாள் அபூர்வம். முதல் பாதியில் அவள் இரண்டு பந்தைப் பிடித்தாள். ஒருவேளை உண்மையிலேயே சரியாகிவிட்டதோ என்று எனக்கு மூச்சு வந்தது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சாதாரணப் பந்து உயரமாக வந்தது. அவள் எம்பிக் குத்தினாள். பந்து விலகிப் போனது, இறங்கும்போது எங்கள் தடுப்பாட்டக்காரி ஒருத்தியின் தோள் அவள் தலையில் லேசாகப் பட்டது. அவ்வளவுதான். ஒரு பேருந்து நெரிசலில் படுகிற அளவுக்கு. அவள் இரண்டு அடி நடந்தாள். பிறகு முழங்கால் மடிந்து, முகம் புல்லில் பட விழுந்தாள்.

நான் தமிழில் கத்திக்கொண்டே இருந்தேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. மிஸ் ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்து, அதன் சக்கரங்கள் புல்லில் இரண்டு நீளக் கோடுகளைப் பதித்துவிட்டுப் போயின. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அது அப்படியே நின்றது. மறுபடி ஆட எங்கள் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

மூளைக்குள் இரத்தம் கசிந்து, அன்றே அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவளுடைய அப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்த, அதிகம் பேசாத மனிதர். ஷேவ் செய்யாத முகம். உள்ளே வரவில்லை. அம்மா டியூட்டியில் இருந்தார், அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் கதவைத் திறந்தேன்.

"பிள்ளை, உன்னட்டை ஒண்டு கேக்கோணும். நீ எப்பவும் அவளுக்குப் பின்னாலதானே நிக்கிறனி. முந்தி எப்பவாவது அவளுக்குத் தலையில அடிபட்டதே? டொக்டர்மார் கேக்கினம்."

அவர் கண்களைப் பார்த்தபடியேதான் சொன்னேன். "இல்ல அங்கிள். நான் பாக்கல."

"ஓம் பிள்ளை," என்றார். "நீ சின்னனெல்லே. பயப்பிடாதை. அவள் வந்திடுவாள்."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் அவர். அந்த வாசற்படியில் அவர் இறங்கிப்போன முதுகைத்தான் நான் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சமைக்கும்போது, ரயிலில், என் கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்திருந்தபோதும்கூட.

அவள் பிழைத்தாள். ஆனால் காலேஜுக்குத் திரும்பவில்லை. நான் ஒருமுறைகூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன், பரீட்சை என்றேன். அந்த வருடக் கடைசியில் அப்பாவுக்கு நகரத்தின் வடக்கே நார்த் ஷோர் பக்கம் ஐடி வேலை அமைந்து, நாங்கள் கிளென்ஃபீல்டுக்குக் குடிபோனோம். அதன்பிறகு கோயிலில் ஒருமுறை தூரத்தில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். பிரசாதம்கூட வாங்காமல் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறி, காரில் உட்கார்ந்துகொண்டேன்.

போன குளிர்காலம், மனுகாவில் என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் மாலில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கருப்புக் கண்ணாடி போட்ட உயரமான பெண் ஒருத்தி போனில், "ஓம் அப்பா, சாப்பிட்டிட்டு வாறன்" என்றாள். பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். வரிசையை விட்டு விலகுவதற்குக் கால் தானாகவே நகர்ந்தது. ஆனால் நகர்ந்த காலை இழுத்து வைத்துக்கொண்டு, "தர்ஷினி அக்கா" என்றேன்.

திரும்பினாள். என்னை அவளுக்குத் தெரியவில்லை.

"நான் பவி. காலேஜ்ல... உங்க கோலுக்குப் பின்னால நிப்பேன்."

"ஓ," என்றாள். "அந்த வருசம் என்னட்டை இல்லை, பிள்ளை. தப்பா நினைக்காதை."

ஒரே மேசையில் உட்கார்ந்தோம். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்துப் பேசினாள். வாரத்தில் மூன்று காலை ஒரு செடி நர்சரியில் வேலை செய்கிறாளாம். வெளிச்சம் ஆகாதாம். அந்த வருடத்தின் தொடக்கத்திலிருந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்ததுவரை சுத்தமாக இல்லையாம். "அப்பாட்டைக் கேட்டால் அழத் தொடங்கிடுவார். மற்றவை எல்லாரும் ஒவ்வொரு பக்கம் போயிட்டினம். நீ எல்லா மட்ச்சும் பாத்தனீயே? அப்ப சொல்லு. நான் நல்லா விளையாடினனானே?"

அந்த சீசனை முதல் ஆட்டத்திலிருந்து சொன்னேன். ஐந்து கோல் வாங்கியது, தமிழில் கத்தச் சொன்னது, பாடிய தாய்மார்கள், காலைத் தட்டிய அசெம்பிளி. அவள் சாப்பாட்டைத் தொடாமல் கேட்டாள். சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள். அரையிறுதிக்கு வந்ததும் என் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் கேட்ட இரண்டு கேள்விகளையும் சொன்னேன். வாந்தியைச் சொன்னேன். திங்கள் முதல் வெள்ளிவரை சொன்னேன். வாசலில் அவள் அப்பா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது சுற்றிலும் இருந்த மேசைகள் காலியாகிவிட்டிருந்தன.

அவள் கேட்டாள்.

"அந்தப் பந்தை நான் பிடிச்சனானே?"

"பிடிச்சீங்கக்கா. ரெண்டு கையிலயும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தக் கிழமை நான் தலையிடி எண்டு சொல்ல, அப்பா சோதனைக்குப் படிக்கிற டென்சன் எண்டு குளிசை தந்தவராம். தான்தான் கவனிக்கேல்லை, தான்தான் பிள்ளையைக் கெடுத்தது எண்டு இண்டைக்கும் சொல்லுவார். நீ எனக்குச் சொன்னது மட்டும் காணாது, பவி. அப்பாவுக்குச் சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒடாஹுஹுவில் அதே வீடு. அவர் தளர்ந்திருந்தார். இந்த முறை நான் வாசலில் நின்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப, குளிசை குடுக்க முந்தியே அடிபட்டதோ?"

"ஆமா அங்கிள். நீங்க மாத்திரை குடுக்கறதுக்கு முந்தின சனிக்கிழமையே."

கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் வந்து கேட்டனானெல்லே, பிள்ளை," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "இனி இந்த வீட்டுக்கு வராதை." கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல்தான் சாத்தினார்.

காருக்குப் போகாமல் காலேஜ் பக்கம் நடந்தேன். நாங்கள் ஆடிய கீழ் மைதானம் இல்லை. அங்கே ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டடுக்கு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கோல் கம்பம் இருந்த இடத்தில் குப்பைத் தொட்டிகள். வேலியோரம் வந்த ஒரு மாணவியிடம், பெண்கள் ஃபர்ஸ்ட் லெவன் எங்கே ஆடுகிறது என்று கேட்டேன். அப்படி ஓர் அணியே இப்போது இல்லை, ஆட்கள் சேரவில்லை என்றாள். அந்த டெய்ரி இருந்த இடத்தில் மின்சிகரெட் விற்கும் வேப் கடை. மிஸ் எப்போதோ சமோவாவுக்குத் திரும்பிவிட்டாராம். அந்த சீசன் நடந்ததற்கு, என் தலைக்கு வெளியே, ஒரு அடையாளமும் மிச்சமில்லை.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போனில் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அப்பா ஒரு கிழமையாக ஒருவரோடும் கதைக்கவில்லை. முந்தாநாள் இரவு விடியும்வரை நித்திரை கொண்டார், நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை என்று எழுதியிருந்தாள். உன்னை மன்னிச்சிட்டன் எண்டு சொல்லமாட்டன், எனக்கே தெரியேல்லை என்று எழுதியிருந்தாள். பிறகு, நீ அண்டைக்குச் சொன்ன மட்ச்சுகள் எல்லாம் எனக்குத் திரும்ப மறந்துபோகுது, தமிழில் எழுதி அனுப்பு, அப்பாவைக் கொண்டு வாசிப்பிக்கிறன் என்று முடித்திருந்தாள்.

எழுதினேன். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. அவள் பிடித்த பந்துகளை எழுதினேன். நான் பேசாமல் இருந்த ஐந்து நாளையும், ஒரு நாளைக்கூடக் குறைக்காமல், அவள் அப்பாவின் குரலில் வாசிக்கப்படும் என்று தெரிந்தே எழுதினேன்.